தண்ணியா, தண்ணீர்மலையா

அத்தை வீட்டில் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அட்டை செருகியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு வகுப்பில் தொங்குமே, அந்த உயிர்மெய் அட்டவணைதான். மேலே பன்னிரண்டு உயிர், இடப்பக்கம் பதினெட்டு மெய், நடுவில் 216 கட்டம். வலது ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கூடுதலாக ஒரு வரிசை போட்டிருக்கும். அது புள்ளி வைத்த எழுத்துகளுக்கு. அடியில் ஜ, ஸ, ஷ, ஹ. இரண்டும் மலர் சேர்த்தவை. பிடித்துப் பிடித்து அட்டையின் மூலைகள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டன.

மலர் என் மாமா மகள். மாமா பினாங்கு ஃபெர்ரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கயிறு வீசுவது, காடிகளை இடம் பார்த்து நிறுத்துவது, மழையில் நனைந்துகொண்டே சங்கிலி போடுவது எல்லாம் அவர் வேலை. 2016இல் கை நடுங்கிக் கோப்பிக் குவளை நழுவியதில் தொடங்கியது. மருத்துவர் சொன்ன பெயர் மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். கை போச்சு, கால் போச்சு, பிறகு நாக்கு. பெரும்பாலும் புத்தி அப்படியே இருக்கும், கண்ணும் கடைசி வரை அசையும். 2017 தீபாவளிக்குப் பிறகு மாமாவுக்குக் கண் மட்டும்தான் மிச்சம்.

யாரோ உதவி செய்து, கண் அசைவைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் கருவி ஒன்று சில வாரங்களுக்கு வீட்டுக்கு வந்தது. நல்ல கருவிதான். ஆனால் அதில் இருந்தது ஆங்கில எழுத்தும் மலாய்ச் சொற்களும். மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். மலாய் சரளமாகப் பேசுவார், சந்தையில் சீனக் கடைக்காரரோடு ஹொக்கியனில் விலை பேசுவார், ஆனால் எழுத்து என்றால் அவருக்குத் தமிழ்தான். திரையை வெறித்துப் பார்ப்பார், கண்ணில் நீர் கட்டும். கருவி இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒரு வெள்ளைக்காரர் குரலில் சொன்னபோது அத்தை, "இது யார் குரலு? நிப்பாட்டு" என்றார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மறுநாள் மலர் அட்டவணையோடு வந்தாள்.

அவள் முறை எளிமையானது. முதலில் மெய் வரிசையைச் சொல்லிக்கொண்டே வருவாள். சரியான இடத்தில் மாமா ஒரு தடவை கண் சிமிட்டுவார். அப்புறம் அந்த வரிசையில் விரலைக் குறுக்கே ஓட்டி அ, ஆ, இ, ஈ என்று போவாள். இன்னொரு சிமிட்டல். ஓர் எழுத்து கிடைத்துவிடும். இல்லை என்று சொல்ல, கண்ணை இறுக மூடவேண்டும். ஒரு வாரத்தில் மலர் ஒன்றைக் கவனித்தாள். அட்டையில் உள்ள வரிசைப்படி போனால் ன என்னும் எழுத்துக்கு வர பதினேழு எழுத்தைத் தாண்டவேண்டும். ஆனால் ன வராத வாக்கியமே கிடையாது. ங, ஞ இரண்டும் முன்னாலேயே நின்றுகொண்டு நேரத்தைத் தின்றன. ஆகவே சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எண் போட்டு, க, த, ன, ம, ப, ர என்று தன் வரிசையை அமைத்துக்கொண்டாள். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறி என்பதுதான் மோர்ஸ் தந்திக் குறியீட்டின் அடிப்படையும். பேரங்காடியில் காசாளராக வேலை பார்க்கும் பெண், அப்பாவின் கண் களைத்துப்போகிறதே என்ற தவிப்பில், அதையே தானாகக் கண்டுபிடித்தாள்.

2018 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஒரு சாயங்காலம் மாமா த என்ற எழுத்தில் சிமிட்டினார். அடுத்து ண். மலர் உடனே, "தண்ணியாப்பா?" என்று எழுந்தாள். அவர் கண்ணை மூடினார். களைத்துப்போய் மூடுகிறார் என்று நினைத்து, மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். மறுநாளும் த, ண். மறுநாளும் தண்ணீர். மூன்றாம் நாள் நான் இருந்தேன். மலர் விரலை நிறுத்தாமல் ஓட்டினாள். ணீ வந்தது. பிறகு ர். தண்ணீர் என்றே எழுதிவிட்டாரே, இனி என்ன சந்தேகம் என்று நானே குவளையை எடுத்துவிட்டேன். மாமா வாழ்நாளில் ஒருநாளும் தண்ணீர் என்று சொன்னவர் இல்லை, தண்ணி என்றுதான் சொல்வார். அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் கண் ஓரத்தில் நீர் வழிந்தது. மலர் உட்கார்ந்து மறுபடி விரலை வைத்தாள். ம. லை.

தைப்பூசத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. மாமா சொன்னது தண்ணீர்மலை, பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் மலை.

மீதியைப் பிறகு சொல்கிறேன்.

மாமா 2019இல் போய்விட்டார். 2024 ஆகஸ்டில் ஒரு காணொளி பார்த்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், கேசி ஹாரெல் என்பவருக்கு மாமாவுக்கு வந்த அதே வகை நோய். 2023 ஜூலையில் அவர் மூளையின் இடப்பக்கத்தில், பேச்சுத் தசைகளை இயக்கும் பகுதியில், நான்கு சிறு மின்முனைத் தகடுகளைப் பதித்தார்கள். மொத்தம் 256 மின்முனைகள். அவர் பேச முயல்வார். வாயில் வருவது புரியாது. ஆனால் மூளையிலிருந்து புறப்படும் கட்டளையைக் கணினி பிடித்து, சொல்லாக்கித் திரையில் காட்டி, நோய்க்கு முன் அவர் பேசிய ஒலிப்பதிவுகளிலிருந்து செய்த அவருடைய சொந்தக் குரலிலேயே பேசிவிடும். முதல் நாள் 50 சொற்களோடு தொடங்கினார்கள். அப்புறம் 1,25,000 சொற்கள். 97 விழுக்காட்டுக்கு மேல் சரியாக வந்தது. முதல் சொற்கள் திரையில் வந்தபோது அவர் அழுதார். பாயான் லெப்பாசில் தொழிற்சாலை கேண்டீனில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன்.

மனித மூளையும் கணினியும் சேர்வது பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகள் வேறு மாதிரியானவை. 1999இல் வந்த தி மேட்ரிக்ஸ் படத்தைத் திருட்டு விசிடியில் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. பிடரியில் ஒரு கம்பியைச் செருகுவார்கள், கண் மூடித் திறப்பதற்குள் சண்டைக்கலை முழுவதும் தலைக்குள் இறங்கிவிடும். எஸ்.பி.எம். என்னும் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதிலிருந்து இந்த வகைக் கதை எது கிடைத்தாலும் படித்தேன், பார்த்தேன். எல்லாவற்றிலும் மனிதன் இன்னும் பெரிதாகிறான், வேகமாகிறான், சாகாமல் இருக்கிறான். பேச முடியாத ஒருவர் பேசுவதற்காகக் காத்திருக்கும் கதை எனக்கு அதிகம் கிடைக்கவில்லை.

ஆனால் நம்மிடமே பழைய கதை ஒன்று உண்டு, திருமூலர் கதை. கயிலையிலிருந்து வந்த சிவயோகி, திருவாவடுதுறைப் பக்கம், மேய்ப்பன் மூலன் இறந்து கிடப்பதையும், பசுக்கள் அவன் உடலைச் சுற்றி நின்று கதறுவதையும் பார்க்கிறார். அந்த வாயில்லா ஜீவன்களின் துயரம் பொறுக்காமல் தன் உடலை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் மாடுகள் வீடு திரும்பிய பிறகு மூலனின் மனைவி வந்து கணவன் கையைப் பிடிக்கப் போகிறாள். அவர் விலகி நிற்கிறார். முகம் அதேதான், ஆள் வேறு. கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று சின்ன வயதில் கேட்டபோது அந்த வித்தைதான் பெரிதாகத் தெரிந்தது. "இது யார் குரலு?" என்று அத்தை கேட்ட நாளுக்குப் பிறகு எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்புதான் வருகிறது.

அறிவியல் பக்கத்திலும் இந்தத் துறை ஒரு கதை போலத்தான் தொடங்கியது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர், 1890களில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்கவேண்டியவர் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அவர் நலம் கேட்டு வீட்டிலிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த அக்காவுக்குத் தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனத்தில் பட்டு, அப்பாவைத் தந்தி அடிக்கச் சொல்லியிருக்கிறார். பெர்கர் அதை விடவே இல்லை. எண்ணம் எப்படிப் பயணம் செய்தது என்று தேடி மருத்துவம் படித்தார். 1924இல் முதன்முறையாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கும் ஈஈஜி அதுதான். அக்காவின் எண்ணம் எந்தக் கருவியிலும் சிக்கவில்லை. ஆனால் வலிப்பு நோயாளிகள் எத்தனை பேருக்கு அந்தத் தேடல் உதவியது.

ஈஈஜி மண்டை ஓட்டுக்கு வெளியே நின்று கேட்கும் கருவி. பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகிறவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அடிவாரத்துக்கு வரும் சடக்கில் தூரத்திலேயே "வேல் வேல்" முழக்கம் கேட்கும். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் அதற்குள் ஒரு தாய் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்பது வெளியே இருந்து கேட்காது. அதைக் கேட்கவேண்டுமென்றால் கூட்டத்துக்குள் போய் அவள் பக்கத்தில் நிற்கவேண்டும். மூளைக்குள் மின்முனை பதிப்பது அப்படிப் பக்கத்தில் போய் நிற்பதுதான். அந்த இடத்தில் உள்ள ஒருசில நரம்பணுக்கள் பேசுவது கேட்கும்.

வெளியே நின்றபடியே கேட்க முயன்றவர்களும் உண்டு. 1988இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபார்வெல், டோன்சின் இருவரும் செய்ததைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. திரையில் ஆறுக்கு ஆறு கட்டத்தில் எழுத்துகள். வரிசைகளும் பத்திகளும் மாறி மாறி மின்னும். நாம் மனத்தில் நினைத்த எழுத்து இருக்கும் வரிசை மின்னும்போது, ஏறக்குறைய 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஓர் அலை எழும். பி300 என்று பெயர். வரிசையும் பத்தியும் சேரும் இடம்தான் நாம் நினைத்த எழுத்து. நிமிடத்துக்கு 2.3 எழுத்து கிடைத்தது. வரிசை, பத்தி, சேரும் இடம்: மலரின் அட்டை அதேதான், கண் சிமிட்டலுக்குப் பதில் அலை. அவள் கையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் ஓடியது.

2004இல் மேட் நேகிள் என்பவருக்கு மூளையின் மேற்பரப்பில் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் அளவுள்ள சதுரத் தகட்டைப் பதித்தார்கள். கழுத்தில் கத்திக்குத்து பட்டுக் கைகால் செயலிழந்தவர். நினைத்தே திரையில் சுட்டியை நகர்த்தினார், மின்னஞ்சலைத் திறந்தார். அந்தத் தகட்டில் ஏறக்குறைய நூறு ஊசிகள். அதன் படத்தை முதலில் பார்த்தபோது என் மேசையில் இருப்பது எதற்கு இங்கே வந்தது என்று நினைத்தேன். நான் வேலை பார்ப்பது சில்லு சோதிக்கும் லைனில். சில்லுகள் அடங்கிய வேஃபர் தகட்டின் மேல் நூற்றுக்கணக்கான நுண்ணூசிகள் இறங்கித் தொட்டு மின்சாரம் அனுப்பிப் பார்க்கும். ப்ரோப் கார்டு என்போம். அந்த ஊசி முனையில் தூசும் உலோகத் துகளும் ஏறிக்கொண்டே இருக்கும். ஏற ஏற, நல்ல சில்லைக்கூடக் கெட்டது என்று காட்டும். அதனால் இத்தனை தடவை தொட்டால் ஒரு முறை துடைக்கவேண்டும் என்று கணக்கு உண்டு.

மூளையில் துடைக்க முடியாது. ஊசி போன இடத்தை உடம்பு காயம் என்றே நினைக்கிறது. சுற்றிலும் தழும்புத் திசு கட்டுகிறது. மாதங்கள் போகப்போக ஒலி மங்குகிறது. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் கருவியை முதலில் பதித்துக்கொண்ட நோலண்ட் ஆர்பாவுக்கு 64 மெல்லிய இழைகளில் 1,024 மின்முனைகள் வைத்தார்கள். சில வாரங்களில் பெரும்பாலான இழைகள் இடத்தை விட்டு நழுவிவிட்டன. மென்பொருளை மாற்றியமைத்து மீதமிருந்தவற்றை வைத்தே ஓட்டினார்கள். அவர் சதுரங்கம் ஆடியதைத்தான் எல்லாரும் பகிர்ந்தார்கள். எனக்கு அந்த இழைகள்தான் மனத்தில் நின்றன. மூளை கெட்டியான பொருளில்லை, தௌஃபு ஃபா மாதிரி தளதளவென்று இருப்பது. ஒவ்வொரு மூச்சுக்கும் நாடித் துடிப்புக்கும் அசைவது. அதில் ஒன்றை நட்டு அசையாமல் நிறுத்துவது எவ்வளவு பெரிய காரியம் என்று, ஒரு மைக்ரான் விலகினாலும் நல்ல சில்லுகளின் கணக்கு விழும் லைனில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

இன்னொரு அச்சமும் இதில் உண்டு. செகண்ட் சைட் என்ற நிறுவனம், பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகளைப் பதித்து ஓரளவு வெளிச்சமும் உருவமும் தெரியும்படி செய்தது. 2013இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பதித்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் அந்தத் தயாரிப்பைக் கைவிட்டது. கண்ணுக்குள் கருவி இருந்தது, பழுதானால் பார்க்க ஆள் இல்லாமல் போனது. குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வது, கொடுக்காமலே இருப்பதைவிடக் கொடுமை என்று நினைக்கிறேன்.

சரி, கணினி எதைப் படிக்கிறது? பலரும் எண்ணத்தைப் படிக்கிறது என்று நினைக்கிறார்கள். ஹாரெலின் கருவி பிடிப்பது உதடு, நாக்கு, தாடை, குரல்வளை ஆகியவற்றுக்கு மூளை அனுப்பும் கட்டளையை. 1930களிலேயே மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்து, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று வரைந்தார். கைக்கும் வாய்க்கும் அதில் மிகப் பெரிய இடம். அந்த வாய்க்குரிய இடத்தில்தான் இன்று மின்முனை வைக்கிறார்கள்.

இதைப் படித்த இரவு தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்தேன். இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியத்துக்காக மனப்பாடம் செய்தது பாதி மறந்திருந்தது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களில் பட்டு எழுத்தாகிறது என்கிறார். எந்த எழுத்துக்கு நாக்கின் எந்தப் பகுதி அண்ணத்தில் எங்கே தொடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கணினி கற்கவேண்டியதும் இதே பாடம்தான். ஒலியைக் கேட்டு எழுத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாத இடத்தில், உறுப்பின் முயற்சியை வைத்து எழுத்தைக் கண்டுபிடிப்பது. மாமாவின் நாக்கு அசையாமல் கிடந்த அந்த மாதங்களிலும், ழ சொல்ல வேண்டுமென்றால் நுனியை மடக்கு என்ற கட்டளை மேலிருந்து புறப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை வாங்கிக்கொள்ளத்தான் கீழே யாரும் இல்லை.

அமெரிக்காவில் செய்த கருவிகள் ஆங்கிலத்தின் 39 ஒலிகளைத்தான் தேடுகின்றன. அதில் ழ கிடையாது, ள கிடையாது, ண கிடையாது. அதுகூடப் பெரிய தடையில்லை. இன்னும் சில ஒலிகளைக் கற்றுக்கொடுத்தால் போதும். கலிபோர்னியாவிலேயே சான்பிரான்சிஸ்கோ குழுவினர் ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும் ஒருவருக்கு இரண்டு மொழியிலும் இயங்கும் கருவியை 2024இல் வெளியிட்டார்கள். எந்த மொழியானாலும் வாய் ஒன்றுதானே. இரண்டு மொழிக்கும் மூளைக் கட்டளைகள் பெரிதும் ஒத்திருந்தன. கை எழுத்திலும் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2021இல் ஒருவர் கையால் எழுதுவதாக நினைத்தே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் எழுதினார். நேர்கோட்டு அசைவுகளைவிட வளைந்து நெளியும் எழுத்தசைவுகளைப் பிரித்தறிவது கணினிக்கு எளிது என்று அந்த ஆய்வில் தெரிந்தது. வளைவும் சுழியும் நம் எழுத்தைவிட வேறு எதில் உண்டு? ஒரு ஞ போதும், ஒரு ணை போதும். யாராவது செய்து பார்க்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. மின்முனை தருவது அரைகுறை ஒலிகள். அவற்றைச் சொல்லாகவும் வாக்கியமாகவும் ஆக்குவது மொழி மாதிரி என்னும் மென்பொருள். கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு வைத்திருக்கும். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு பெண்மணி நிமிடத்துக்கு 62 சொற்கள் பேசினார்; அந்த உதவியோடும் நான்கு சொல்லுக்கு ஏறக்குறைய ஒன்று தவறாக வந்தது. அந்த உதவி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆக, கருவியில் பாதி மூளை நோயாளியுடையது, மீதிப் பாதி அந்த மென்பொருள் படித்த புத்தகங்களுடையது.

மாமா பேசிய தமிழ் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அவர் சாலை என்று சொல்லமாட்டார், சடக்கு என்பார். காலை உணவு அவருக்குப் பசியாறல். ரிங்கிட் என்பது வெள்ளி. ஊர்ப்புறம் என்றால் கம்பம். சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் தாபாவ். அவர் குரல் என்று என்னிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் பதினேழு வினாடி: "மருமவனே, வர்றப்போ ரெண்டு கோப்பி ஓ தாபாவ் பண்ணிட்டு வா லா. சடக்குல ஜாம், பாத்து வா." இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை மொழி. சென்னை நாளிதழ்களைப் படித்த மென்பொருள் இதைக் கேட்டால் திருத்தப் பார்க்கும். அவர் கோப்பி என்றால் காபி என்று எழுதும். தாபாவ் என்றால் பக்கத்தில் கிடைக்கும் எதையோ போடும். அப்புறம் அது பேசுவது மாமாவாக இருக்காது. திருமூலர் கதையில் வரும் மூலன் மனைவி மாதிரி அத்தை அந்தக் குரலிலிருந்து விலகித்தான் நிற்பார்.

அதனால் இப்போது ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் அத்தையைப் பேசவிட்டுத் தொலைபேசியில் பதிவு செய்கிறேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கதை, லயத்துச் சண்டை, மீன் சம்பால் செய்வது எப்படி, எதுவானாலும். அவருக்கு நோய் எதுவும் இல்லை, நூறாண்டு இருக்கட்டும். பேசியதை ஒரு சொல் விடாமல் அவர் சொன்னபடியே தட்டச்சு செய்து வைக்கிறேன். மலர் தன் மாமியாரைப் பதிவு செய்கிறாள்.

மனத்துக்குள் பேசுவதையே படிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு குழுவினர், வாயை அசைக்க முயலாமல் உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியங்களை 74 விழுக்காடு வரை பிடித்ததாக வெளியிட்டார்கள். நல்ல வேளையாக அவர்களே ஒரு பூட்டும் போட்டுக் காட்டினார்கள்: குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை மனத்தில் சொன்னால்தான் கருவி கேட்கத் தொடங்கும். ஒரு பழைய குழந்தைகள் படத்தின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். சிலி நாடு 2021லேயே மூளைச் செயல்பாட்டையும் அதன் தகவலையும் காக்கும் வாசகத்தைத் தன் அரசியலமைப்பில் சேர்த்துவிட்டது. இது தேவையான காரியம். ஒருவர் சொல்ல விரும்பாததை எடுக்கக் கூடாது. ஆனால் நான் பார்த்த துன்பம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சொல்ல விரும்பியதைச் சொல்லிமுடிக்கும் முன்பே நாங்கள் முடித்துவைத்தோம். த, ண் என்றதும் தண்ணி என்று முடித்தோம். எங்கள் ஊகம் அன்பினால் வந்த ஊகம், பத்தில் ஒன்பது முறை சரியாகவும் இருந்தது. அந்தப் பத்தாவது முறைக்கு அவர் மூன்று நாள் போராடினார்.

தண்ணீர்மலை என்று வந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. "போகணுமாப்பா? வேன் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்றாள் மலர். கண்ணை இறுக மூடினார். "உங்களுக்கு நல்லாகணும்னு வேண்டிக்கவா?" என்றார் அத்தை. மறுபடி மூடினார். அத்தைக்கு அழுகை வந்துவிட்டது. மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரலை எடுத்து மேலே வைத்தாள். நான்காம் நாள் மாலைக்குள் முழுவதும் வந்தது. பால்குடம். மலர் காய்ச்சல். கடன்.

மலர் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாளாம். பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று முருகனிடம் சொல்லியிருக்கிறார். பூசம் வந்தால் ஃபெர்ரியில் கூட்டம் அலைமோதும், விடுப்பு கிடைக்காது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அத்தைக்குக்கூட அவர் சொன்னதில்லை. எந்தக் கணக்கு போட்டிருந்தாலும் அந்த வாக்கியத்தை யாரும் ஊகித்திருக்க முடியாது.

2018 ஜனவரி 31 பூசம். மலர் விரதமிருந்து, தன் உயிருக்காக அப்பா நேர்ந்த பால்குடத்தைத் தானே எடுத்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். தண்ணீர்மலை உச்சிக்கு 513 படி. வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்துவிட்டோம்; இறங்கி, ஜெட்டி வந்து, ஃபெர்ரி பிடித்து வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. அவள் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது, கால் இரண்டும் தூசி. உடை மாற்றாமல் அப்படியே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விபூதி பூசிவிட்டு, அட்டையை எடுத்தாள்.

ப என்ற எழுத்தில் சிமிட்டினார். அடுத்து சி.

"பசிக்குதா அவருக்கு? குழாயில பால் விடவா?" என்று அத்தை உள்ளேயிருந்து எழுந்து வந்தார். நானும் எழுந்தேன். மலர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைத் தூக்கி எங்களை நிறுத்திவிட்டு, வலது விரலை வரிசையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தாள். ய. அ, ஆ. சிமிட்டல். மறுபடி மேலிருந்து. ற. அ, ஆ, இ, ஈ, உ. சிமிட்டல்.

பசியாறு.

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.